நட்டு சரி பண்ணிட்டா

நவம்பர் 6

சித்திக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும் என எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் நலமாக இல்லை. உங்கள் நலத்தை அறியும் ஆவலும் இப்போதைக்கு இல்லை. இங்கே பத்து நாளைக்கு ஒரு தடவை சாமான்களோடு ஜீப் வரும். வீட்டுக்குக் கடிதம் கொடுப்பவர்களுக்கு மட்டும் ஜீப்காரர் ஒரு சாக்லேட் தருவார். ஆகவே இது சாக்லேட்டுக்காக எழுதும் கடிதம். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் என்ன இருந்தது என்று படித்தீர்களா? யாரோ கொண்டுவந்து கொடுக்கிற பேன்ட்டின் இடுப்பளவை மூன்று தடவை டேப் வைத்துப் பார்ப்பீர்கள். என்னை எழுபது நாள் காட்டு முகாமுக்கு அனுப்பும் தாளை ஒரு தடவைகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டீர்கள். தலைமையாசிரியர் பேனாவை நீட்டிய வேகத்தைவிட நீங்கள் வாங்கிய வேகம் அதிகம். நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆறு பேர் இருக்கிறோம். ஆறும் ஆறு பள்ளிக்கூடங்கள் கைகழுவிய பிள்ளைகள். நெட்டை என்று ஒருத்தி, கடைகளில் திருடி மாட்டியவள், அவளும் நானும் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே. எங்களை மேய்க்கிறவள் முன்பு ஆம்புலன்ஸ் ஓட்டியவளாம், அதனால் எல்லோரும் ஆம்புலன்ஸ் அக்கா என்கிறார்கள். சிரிக்கக் காசு கேட்பாள் போலிருக்கிறது. ஆளுக்கு ஒரு கத்தி, ஒரு தகரக் குவளை, ஒரு கம்பளி, ஒரு கயிறு கொடுத்தாள். தீப்பெட்டி கிடையாது. நெருப்பு வேண்டுமென்றால் கட்டையைக் கடைந்து அவரவரே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஓட்ஸ் வேகவைப்பதும் ஓடைத் தண்ணீரைக் கொதிக்கவைப்பதும் அவரவர் நெருப்பில்தான்.

நான் கடைய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். பிடிக்கவில்லை என்றேன். "பிடிக்கலைன்னா ஊறவச்சுத் தின்னு, எனக்கென்ன" என்று போய்விட்டாள். எட்டு நாளாக ஊறிய ஓட்ஸ்தான். சுவரொட்டிப் பசை மாதிரி இருக்கிறது. குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் நெட்டையின் நெருப்பு, அதற்குப் பதிலாக அவளுக்கு விறகு பொறுக்கிக் கொடுக்கிறேன்.

இந்த விஷயத்தை உங்களிடம் புகார் செய்யவில்லை. தகவலுக்காகச் சொல்கிறேன். வேறொன்றும் இல்லை.

நட்டு


நவம்பர் 16

நட்டுவுக்கு,

கடிதம் கிடைத்தது. சாக்லேட் கிடைத்ததா?

தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். படித்திருந்தால் போட்டிருக்க மாட்டேன், அதனால்தான் படிக்கவில்லை. வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? ஒரு வருஷத்தில் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை நாள் போனாய் என்று விரலை மடக்கிச் சொல்லிவிடலாம். ஆய்வகத்துக் கண்ணாடியை உடைத்தாய். இரண்டு நாள் வீட்டுக்கு வராமல் எங்கேயோ இருந்தாய், நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தேடினேன். கடைசியில் ஒரு பெண்ணின் முன்பல்லைத் தட்டினாய். அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். "சொந்த வீட்டு ஹீட்டரையே பாக்கத் தெரியாத மெக்கானிக்" என்று சித்தப்பாவைச் சொல்லியிருக்கிறாள். சித்தப்பாமேல் இருந்த பாசத்தில் அடித்துவிட்டாள் என்று தலைமையாசிரியர்கூட உனக்காகப் பரிந்து பேசினார். நான் ஒன்றும் பேசவில்லை.

அவர் போய் அடுத்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. பத்தொன்பது வருஷம் ஊரார் வீட்டுக் குளியலறைகளில் கேஸ் ஹீட்டர் மாட்டிய மனிதர், தன் வீட்டுக் குளியலறையில் விஷவாயுவில் போனார். வாசனையில்லாத வாயு, தலை கிறுகிறுத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். புகைக்குழாயைக் குருவிக்கூடு அடைத்திருந்தது. அப்படி அடைத்தால் ஹீட்டர் தானாக அணைய வேண்டும். அணையாதபடி யாரோ சென்சாரில் ஒயர் போட்டிருக்கிறார்கள், முனையில் கிளிப்பின் பல் பட்ட கீறல் இருக்கிறது, ஒயர் பரபரப்பில் எங்கேயோ விழுந்திருக்கும் என்று கேஸ் பாதுகாப்பு அலுவலகத்து ஆள் எழுதிக்கொண்டு போனார். அந்த வீட்டில் இந்த வேலை தெரிந்தவர் இறந்தவர் ஒருவரே, ஆகவே அவரே செய்தது என்று முடித்தார்கள். செத்த மனிதருடைய லைசென்ஸை ரத்து செய்து ரிஜிஸ்டர் தபாலில் எனக்கு அனுப்பினார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அதையும் படிக்காமல் வாங்கியிருக்கலாம்.

அன்றிலிருந்து உன் தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கிறது. உன் அம்மா, என் அக்கா, போனபோது உனக்கு நாலு வயது. அப்போதுகூட நீ வாய் மூடிக்கொண்டு இருக்கவில்லை, ஊரைக் கூட்டி அழுதாய். இப்போது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் ஊரை அடிக்கிறாய். அன்று சாயங்காலத்தைப் பற்றி என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. இல்லையென்றால் இல்லை என்றாவது எழுது. அதைத் தெரிந்துகொள்ளாமல் இனி உன்னோடு ஒரே வீட்டில் என்னால் இருக்க முடியாது. கோபத்தில் எழுதவில்லை. நாலு தடவை யோசித்துத்தான் எழுதுகிறேன்.

கம்பளி பத்துமா? பத்தாது என்றால் எழுது, அந்த நீல ஸ்வெட்டரின் கையை நீட்டி அனுப்புகிறேன்.

சித்தி


நவம்பர் 26

சித்திக்கு,

கம்பளி பத்தும்.

நீங்கள் கேட்டதற்குப் பிறகு வருகிறேன். முதலில் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு முகாம் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தாலும் வரலாம். நான் மறுபடியும் ஒருத்தியை அடித்துவிட்டேன்.

மூன்று நாள் விடாமல் மழை. இங்கே மழை என்றால் எலும்புக்குள் பெய்யும். விரல்கள் மரத்துப்போய்க் கயிற்றுமுடிச்சைப் பல்லால் அவிழ்த்தோம். எனக்கும் நெட்டைக்கும் முதல் நாளிலிருந்தே ஒரு சண்டை உண்டு. தார்ப்பாயின் ஒரு பக்கத்தை நான் மூட விட மாட்டேன். குளிர்காற்று நேராக அவள் மூஞ்சியில் அடிக்கும். "உனக்குக் கிறுக்கா, வீட்டுல கதவே கிடையாதா" என்று தினமும் திட்டுவாள். நான் காரணம் சொன்னதில்லை. எனக்கு மூடிய இடத்தில் தூக்கம் வருவதில்லை, அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மத்தியானம் நான் விறகுக்குப் போயிருந்தபோது, நெட்டை ஒரு தகர டப்பாவில் தணலை அள்ளி உள்ளே வைத்துக்கொண்டு, திறந்த பக்கத்தைக் கம்பளியால் இறுக்கி மூடிவிட்டாள். புகை வராத தணல்தானே, ஒன்றும் ஆகாது என்று நினைத்திருக்கிறாள். நான் வந்து கம்பளியை விலக்கினேன். சுவரில் சாய்ந்தவள் மாதிரி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "தலை வலிக்குது, தூக்கமா வருது" என்றாள். பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. டப்பாவை உதைத்ததில் கம்பளி கருகிவிட்டது. அவளைக் காலைப் பிடித்து மழைக்குள் இழுத்துப்போட்டு, கன்னத்தில் அறைந்தேன். ஒன்று இல்லை, நாலைந்து. அவள் அழுதபிறகும் அறைந்துகொண்டிருந்தேனாம்.

ஆம்புலன்ஸ் அக்கா வந்து என்னைப் பிடித்துத் தூரமாக உட்காரவைத்தாள். நெட்டை வாந்தியெடுத்துத் தெளிந்துவிட்டாள், இப்போது நன்றாக இருக்கிறாள். தணல் விஷயத்தில் நீ செய்தது சரி, அறைந்தது தப்பு, இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே என்றாள் அக்கா. தணலைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். எங்கள் வீட்டில் ஒருவர் அப்படித்தான் செத்தார் என்றேன். இதை நான் வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை சித்தி. சொன்னதும் அழுகை வந்துவிட்டது. மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். அக்கா தட்டிக்கொடுக்கவெல்லாம் இல்லை. மழைக்கோட்டை என்மேல் போட்டுவிட்டு, டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டு போனாள்.

நெட்டையிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் இப்போது தார்ப்பாயைத் தானே திறந்துவைக்கிறாள். அது அறையைவிட அதிகமாக வலிக்கிறது.

அடுத்த மாதம் ஒவ்வொருவரும் மூன்று நாள் தனியாக இருக்க வேண்டும். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், அக்கா தூரத்திலிருந்து ஒரு நாளைக்கு ஒரு தடவை விசில் ஊதுவாள், நாமும் பதிலுக்கு ஊத வேண்டும். நெட்டையின் நெருப்பும் இருக்காது.

நீங்கள் கேட்டதற்கு: இருக்கிறது. ஆனால் இந்தத் தாளில் இடம் இல்லை. பின்பக்கம் காலியாக இருப்பது எனக்கும் தெரியும்.

நட்டு


டிசம்பர் 4

நட்டுவுக்கு,

நீ அடித்த பெண் பிழைத்தது நல்லது. எத்தனை அறை என்று நான் கேட்கப்போவதில்லை.

நேற்று சித்தப்பாவோடு வேலை பார்த்த ஒல்லி வந்திருந்தார். ஞாபகம் இருக்கும், சித்தப்பாவின் ஏணியைத் தூக்கிக்கொண்டு கூடவே திரிவார், உன்னை ஏணியில் உட்காரவைத்துத் தூக்கிப் போவார். வந்தவர் உட்காரவில்லை. கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறார்களாம். செய்யக் கூடாதது என்ற தலைப்பில் முதல் பாடமே சித்தப்பாதான். பெயர் போடவில்லை, ஆனால் பத்தொன்பது வருஷ அனுபவம், சொந்த வீடு, சொந்தக் கை என்று எழுதியிருக்கிறார்களாம். பிள்ளைகள் சிரித்தார்களாம். ஒல்லி எழுந்து வெளியே வந்துவிட்டார். "அண்ணன் அப்படிச் செய்யற ஆளில்ல, உங்களுக்குத் தெரியும்ல" என்று என்னைக் கேட்டார்.

நான் தெரியும் என்றேன். டீ போடுகிறேன் என்று சொன்னேன், வேண்டாம் என்று போய்விட்டார்.

நட்டு என்று உனக்குப் பெயர் வைத்தது அவர்தான். கீழே விழுந்தால் கண்டுபிடிக்க முடியாது, அது இல்லாவிட்டால் எதுவும் நிற்காது என்பார். நட்டு கழன்ற கேஸ் என்று நான் கேலி செய்வேன். இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தைக்க உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

தாளின் பின்பக்கத்தில் எழுது.

சித்தி


டிசம்பர் 17

சித்திக்கு,

என் மூன்று நாள் நேற்று முடிந்தது. இதை இரண்டாம் நாளிலிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கை காரணம், உள்ளங்கை இரண்டும் கொப்புளம்.

முதல் நாள் கொண்டுபோன தண்ணீர் இருந்தது. இரண்டாம் நாள் காலையில் தீர்ந்துவிட்டது. ஓடை பத்தடி தூரத்தில் ஓடுகிறது, கொதிக்கவைக்காமல் குடித்தால் வயிறு போய்விடும் என்று எச்சரித்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வைராக்கியமெல்லாம் தொண்டை காயும்வரைதான். பிறகு எழுந்து பலகையையும் கடைகோலையும் எடுத்தேன்.

வில்லில் கட்டிய கயிற்றைக் கோலில் சுற்றி, முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். கோல் சுழன்று பலகையைத் தேய்த்துக் கறுப்புத் தூள் விழும். அந்தத் தூள் கனன்றால் அதைக் காய்ந்த நாரில் கொட்டி ஊத வேண்டும். நாரைக் குழியாகச் சுருட்டி வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். சுருட்டிக் கையில் வைத்துப் பார்த்தேன். அசல் குருவிக்கூடு. கை நின்றுவிட்டது சித்தி. அதைத் தரையில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு தாகம் மறுபடியும் எழுப்பியது. வெயில் மேற்கே சாய்ந்தபோதுதான் பிடித்தது. தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சூட்டோடு குடித்து நாக்கைப் பொசுக்கிக்கொண்டேன். அந்த நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து, "நான்தான்" என்று சத்தமாகச் சொன்னேன். கேட்க ஒரு காக்காகூட இல்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான்தான் சித்தி. அந்த ஒயரைப் போட்டது நான்.

அன்று தலைக்குக் குளித்துவிட்டுத் தோழிகளோடு வெளியே போக வேண்டும். ஹீட்டர் மூன்று தடவை அணைந்தது. சித்தப்பா காலையிலேயே சொல்லியிருந்தார், "குழாய்ல ஏதோ அடைச்சிருக்கு. ஞாயித்துக்கிழமை ஏணி போட்டுப் பாக்குறேன், அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க." ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. என் தலைமுடி காத்திருக்காது. அவருடைய பழைய பையில் இரண்டு பக்கமும் கிளிப் வைத்த சிவப்பு ஒயர் உண்டு. சென்சார் கெட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிஷம் போடுவார், போட்ட கையை எடுக்காமல் நிற்பார், உடனே கழற்றுவார். அவரோடு போனபோதெல்லாம் பார்த்திருக்கிறேன். நானும் போட்டேன். ஜன்னலை அகலத் திறந்துவைத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் குளித்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர். வெளியே வந்ததும் கழற்றலாம் என்று இருந்தேன். தெருவிலிருந்து கூப்பிட்டார்கள். மாடிக்குப் போய் அங்கிருந்தே இரண்டு நிமிஷம் என்று கத்தினேன், தலையைத் துவட்டினேன், ஓடிவிட்டேன். மறந்துவிட்டேன். ஒரு ஆள் செத்ததற்குக் காரணம் இவ்வளவுதான்.

திரும்பி வந்தபோது நீங்கள் ஆம்புலன்ஸில் அவரோடு போய்விட்டீர்கள். வீடு திறந்து கிடந்தது. குளியலறைக்குள் போனேன். அவருடைய துண்டு நனையாமல் ஆணியில் இருந்தது. ஒயரைக் கழற்றிப் பேன்ட் பையில் போட்டேன். பயத்தில் செய்தேன், ஆனால் தெரியாமல் செய்யவில்லை. அப்புறம் அந்த ஒயரை எங்கே வைத்தேன் என்று எவ்வளவோ தேடினேன், கிடைக்கவே இல்லை. அவர்தான் செய்தார் என்று அலுவலகத்து ஆள் சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். சும்மா இருந்தேன். அந்தப் பெண்ணின் பல்லை உடைத்தது சித்தப்பாமேல் இருந்த பாசத்தால் இல்லை. அவள் சொன்னது பொய் என்று அறிந்த ஒரே ஆள் நான், அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் கை வந்தது.

இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். பாதுகாப்பு அலுவலகத்துக்கு. எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒட்டவில்லை. நீங்கள் படித்துவிட்டு அனுப்புங்கள். அனுப்பாமல் கிழித்துப்போட்டாலும் நான் கேட்க மாட்டேன், ஆனால் நான் வந்து மறுபடியும் எழுதுவேன்.

மன்னிப்பீர்களா என்று ஒரே ஒரு தடவை கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் கேட்க மாட்டேன்.

நட்டு


டிசம்பர் 27

சித்திக்கு,

ஜீப் வந்தது. எனக்கு எதுவும் இல்லை. மழையில் பாதை போயிருக்கலாம், தபால் தாமதமாகியிருக்கலாம் என்று ஜீப்காரர் சொன்னார். மற்ற ஐந்து பேருக்கும் வந்திருக்கிறது.

சாக்லேட்டை நெட்டைக்குக் கொடுத்துவிட்டேன். இன்று சித்தப்பா போன நாள் என்று எனக்கு நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வரக்கூடாது என்றால் அதையாவது எழுதுங்கள். இங்கே தங்கிச் சாமான் தூக்கும் வேலை செய்யலாம் என்று ஆம்புலன்ஸ் அக்கா சொல்கிறாள்.

நட்டு


ஜனவரி 3

நட்டுவுக்கு,

பாதை போகவில்லை. தபாலும் தாமதமாகவில்லை. நான்தான் எழுதவில்லை. பத்து நாள் உன் கடிதத்தை மேஜை விரிப்புக்கு அடியில் வைத்துவிட்டு, அதன்மேலேயே துணி வெட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். இது ஆறாவது. இதையும் கிழிப்பதற்குள் ஜீப்காரரிடம் நேரில் கொடுத்துவிடப் போகிறேன்.

அந்த ஒயர் என்னிடம் இருக்கிறது.

பையைப் புரட்டிப் பார்க்காமல் எந்தத் துணியையும் நான் தண்ணீரில் போட மாட்டேன், உனக்குத் தெரியும். அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த மறுநாள், செய்ய வேறு வேலை தெரியாமல் அழுக்குத்துணியை எடுத்தேன். உன் பேன்ட்டில் இருந்தது. அதைப் பார்த்த அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அலுவலகத்து ஆள் அதற்கு அடுத்த நாள்தான் வந்தார். வீட்டில் இந்த வேலை தெரிந்தவர் வேறு யாராவது உண்டா என்று என்னைத்தான் கேட்டார். "யாரும் இல்ல, அவர் ஒருத்தர்தான்" என்றேன். நீ கதவுக்குப் பின்னால் நின்று கேட்டாய் அல்லவா, அந்தப் பதிலைச் சொன்னவள் நான். அவர் பெயரைக் கெடுத்தது நீ மட்டும் இல்லை.

உனக்குப் பதினைந்து வயது. உன்னையும் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்தேன். போனவருக்குப் பெயர் எதற்கு, இருக்கிறவள் இருக்கட்டும் என்று ஒரே நொடியில் முடிவுசெய்தேன். முடிவுசெய்த பிறகு உன் மூஞ்சியைப் பார்க்க முடியவில்லை. நீயாக வந்து சொல்வாய் என்று தினமும் பார்த்தேன். நீ கண்ணாடியை உடைத்தாய், பல்லை உடைத்தாய், வாயைத் திறக்கவில்லை. உன்னைக் காட்டுக்கு அனுப்பியது உன்னைத் திருத்த இல்லை. ஒரே கூரைக்குக் கீழே நீயும் நானும் அந்த ஒயரும் இருந்தோம், எனக்கு மூச்சு முட்டியது.

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். எழுதலாமா என்று இத்தனை நாள் யோசித்தது இதைத்தான். அன்று அவர் நனைந்துகொண்டு வந்தார். கை கழுவக் குழாயைத் திறந்தார், வெந்நீர் வந்தது. அணைகிறதா என்று நின்று பார்த்தார், அணையவில்லை. யாராவது குழாயைச் சுத்தம் செய்தார்களா என்று கேட்டார். நீ மாடிக்குப் போனதை நான் பார்த்திருந்தேன். நட்டு மேலே போனாளே என்றேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நட்டு சரி பண்ணிட்டா போலிருக்கு. எனக்கு முன்னாடியே ஏறிப் பாத்துட்டாளே" என்றார். குளிருகிறது என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். கடைசியாக அவர் பேசியது அதுதான். உன்னைப் பற்றித்தான் பேசினார், பெருமையாகப் பேசினார்.

தண்ணீர்ச் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கும் கேட்டது. ஒரு பேன்ட்டின் கால் மடிப்பு பாதியில் இருந்தது. முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று முடித்தேன். அந்த மடிப்புக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று பிறகு ஒரு நாள் அதே மாதிரி தைத்துப் பார்த்தேன். எவ்வளவு என்று உனக்குச் சொல்ல மாட்டேன்.

உன் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. திங்கட்கிழமை நானே பாதுகாப்பு அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். நான் பொய் சொன்னதையும் ஒரு தாளில் எழுதி, ஒயரையும் வைத்துக் கொடுத்தேன். அதே ஆள்தான் இருந்தார். இரண்டையும் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். மறுபடி விசாரிக்க வேண்டும், இரண்டு பேரும் நேரில் வர வேண்டும், உன் வயதைப் பார்த்துத்தான் எதையும் முடிவுசெய்வோம், உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். லைசென்ஸ் ரத்தை நீக்கலாம், அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றார். பயிற்சி வகுப்பில் அந்தப் பாடத்தை உடனே நிறுத்தச் சொல்லி என் கண் முன்னால் போன் செய்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை. அவர் பெயர் வந்துவிடும், அவர் வரமாட்டார்.

மன்னிப்பீர்களா என்று கேட்டிருக்கிறாய். ஒரு வார்த்தையில் ஆம் என்று எழுதத்தான் ஐந்து தாளைக் கிழித்தேன். நிஜத்தைச் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் உன்னை மன்னித்துவிடுகிறேன். சின்னப் பெண், மறந்துவிட்டாள், நான் மட்டும் என்ன யோக்கியம் என்று தோன்றுகிறது. சாயங்காலம் அவர் வேலையிலிருந்து வருகிற நேரத்துக்கு எங்கிருந்தோ கோபம் வந்துவிடுகிறது. அப்போது நீ எதிரே இருந்தால் என்ன சொல்வேனோ தெரியாது. மறுநாள் காலையில் மறுபடியும் முதலிலிருந்து. இது ஒரு நாளில் முடிகிற காரியம் இல்லை போலிருக்கிறது. அவர் என்னை மன்னிப்பாரா என்பது வேறு, அதைக் கேட்க ஆளில்லை.

சாமான் தூக்கும் வேலைக்கெல்லாம் போக வேண்டாம். வெள்ளிக்கிழமை பஸ் நிலையத்துக்கு வருகிறேன். நான் சரியாகப் பேசாவிட்டால் பயப்படாதே, சாயங்கால பஸ் அது. வீட்டுக்கு வந்து எதிரே உட்கார்ந்து சாப்பிடு. தினமும் மன்னிக்க வேண்டியிருக்கிறது, அதற்கு நீ பக்கத்தில் இருக்க வேண்டும்.

சித்தி